மாலை போட்ட வீட்டுக் கவிதை

இப்போதெல்லாம் அன்னதானப் பந்தலில் என் கையில் மைக் தருவதில்லை. சோறு பரிமாறலாம், கோலம் போடலாம், அண்டா கழுவலாம். கவிதை வாசிக்க மட்டும் வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அன்றைக்கு மைக்கில் சொன்னதை இன்றைக்குக் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். நடந்ததை நானே எழுதி வைத்துவிட்டால், ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறவர்களுக்குக் கொஞ்சம் சோலி குறையும்.

நான் ஒன்பதாவது வரை படித்தவள். கொடைக்கானலில் ஏரிக்கு இறங்குகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு மளிகைக்கடை இருக்கிறது. வீட்டுக்காரர் வருஷா வருஷம் மார்கழியில் பழனி முருகனுக்கு மாலை போட்டு, தைப்பூசத்துக்கு நடந்து போவார். நான் முருகன் மேல் பாட்டு எழுதுவேன். காலையில் விளக்கேற்றும்போது ஒரு வரி வரும், அரிசி களையும்போது அடுத்த வரி வரும், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். பெரிய இலக்கணமெல்லாம் தெரியாது. அவன் கேட்டுக்கொள்கிறான் என்ற நம்பிக்கைதான்.

எங்களைப் போல எழுதுகிறவர்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஜாரில் கம்பளிக்கடை பாய் வீட்டு மாடியில் கூடுவோம். அது அவருடைய குடோன். ஸ்வெட்டர் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துகொள்வோம், நாற்காலி தேவையில்லை, குளிரும் தெரியாது. தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார்தான் எங்களுக்குத் தலைவர். முதலில் அவரவர் கவிதையை அவரவரே வாசித்துக்கொண்டிருந்தோம். தன் கவிதையைத் தானே வாசித்து, தானே அரை மணி நேரம் பொருள் சொல்லி, கடைசியில் தானே நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிக்கொள்வார்கள். பாய்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். எழுதியவர் பேர் போடாமல் தாளை மடித்து ஒரு அட்டைப் பெட்டியில் போட வேண்டும். யார் கைக்கு எது வருகிறதோ, அவர் அதை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். எழுதியவர் வாயே திறக்கக் கூடாது.

அந்த மார்கழிக் கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களுக்குப் பெருமாள்மலையில் அன்னதானப் பந்தல் போடுவார்கள். அதில் எங்கள் கவிதைகளையும் மைக்கில் வாசிப்பது உண்டு. எதை வாசிப்பது என்று அன்றைக்கு முடிவு செய்ய வேண்டும். பெட்டிக்குள் நான் கைவிட்டபோது வழுவழுப்பான தாள் ஒன்று வந்தது. ஒரு உரக்கடைக் காலண்டரின் பின்பக்கம். பேர் போடக் கூடாது என்பது சரிதான், ஆனால் காலண்டர் தாளில் எழுதுகிறவள் எங்களில் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மலைக் கிராமமான போளூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். என்னை விட வயதில் ரொம்பச் சின்னவள். புருஷன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். அவள் எனக்கு எதிர்மூட்டையில் உட்கார்ந்து, மூட்டையில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வாசித்தேன்.

*ஒரு கூரை. நடுவில் ஒரு கதவு.*
*அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்.*
*உனக்கென்று தனித் தட்டு, தனிச் சொம்பு.*
*கழுவும்போது மட்டும்*
*உன் விரல் பட்ட இடத்தில் என் விரல் படுகிறது.*

*இந்தப் பனி மாதத்தில்தானா*
*உனக்கு இத்தனை நியமம்?*
*போர்வையைப் பங்கிட்டுக்கொண்டோம்,*
*குளிரைப் பங்கிட முடியவில்லை.*

*உன்னைக் கும்பிடுகிறேன்.*
*கும்பிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.*
*நீ இறங்கிப் போகும் நாளை எண்ணுகிறேன்,*
*நீ ஏறி வரும் நாளுக்காக.*

முடித்ததும் சார் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"முருகா, என்ன பக்தி. ‘நீ இறங்கிப் போகும் நாளை’ங்கறா பாருங்க. மலையில இருந்து ஆண்டவன் எறங்கி வர்றான். இத மொதல்ல வாசிச்சிருவோம் பந்தல்ல."

எங்கள் வட்டத்தில் ஒரு கைடு இருக்கிறார். சுற்றுலா வருகிறவர்களுக்குத் தூண்பாறையும் குகையும் காட்டுகிறவர். மூன்று வரிக் கவிதைகள் எழுதுவார். நல்ல வாய்.

"பக்தியில தட்டு எங்க சார் வந்துச்சு? முருகன் தெனமும் வந்து சாப்பிட்டுட்டா போறாரு? எனக்கு என்னமோ ஒரு போர்ஷன வாடகைக்கு விட்ட வீடு மாதிரித் தெரியுது. நடுவுல கதவு வேற இருக்கு."

சிலர் சிரித்தார்கள். அவளுடைய வீட்டு முன்னறையில் அய்யம்பாளையத்துப் பையன் ஒருவன் குடியிருந்தான். லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் வேலை. வாடகையோடு சாப்பாடும் அவள்தான் போட்டாள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் நூலை இழுப்பதை நிறுத்திவிட்டாள். வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். அவளும் திறக்கவில்லை.

"பொருள் சொல்ல வேண்டியது நானு. எனக்கு முன்னாடி ஏன் ஆளாளுக்குச் சொல்றீங்க" என்றேன்.

எனக்கு அது வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது. அந்த வாரம் என் அடுப்படியிலும் ஒரு தனித் தட்டு இருந்தது. வீட்டில் ஆம்பளை மாலை போட்டுவிட்டால் அவருக்குப் பாய் தனி, போர்வை தனி, தட்டு தனி. வெள்ளனே எழுந்து, ஐஸ் மாதிரி இருக்கும் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அவருக்குப் பொங்க வேண்டும். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், கட்டிய பெண்டாட்டியும் அப்படித்தான். கையில் எதைக் கொடுத்தாலும் விரல் படாமல் கீழே வைத்து நகர்த்த வேண்டும். கீழ்நாட்டுக்காரர்கள் முருகனைப் பார்க்க மலை ஏறுகிறார்கள். நாங்கள் முதலில் மலை இறங்க வேண்டும். பெருமாள்மலை, வடகவுஞ்சி, சவரிக்காடு என்று நடந்து இறங்கிப் பழனிக்குப் போய், சாமி பார்த்து, மாலையைக் கழற்றிவிட்டு, பஸ் ஏறி மேலே வருவார்கள். இறங்கிப் போகிறவர் வீட்டுக்காரர். ஏறி வருகிறவரும் அவர்தான். போகும்போது சாமி, வரும்போது புருஷன். அந்த நாளைத்தான் அவள் எண்ணுகிறாள்.

இதை இப்படியே சொன்னேன். "இது முருகனுக்கு எழுதினது இல்ல சார். வாடகைக்கு இருக்கவங்களுக்கும் எழுதல. மாலை போட்டிருக்க புருசனுக்கு அவம் பொண்டாட்டி எழுதினது."

கைடு என்னைப் பார்த்து, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். "புருசனுக்குப் போயி யாரு அக்கா கவிதை எழுதுவா?"

மாடி முழுக்கச் சிரித்தது. பாயும் சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் எனக்கு எரிச்சல். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

சாருக்குச் சிரிப்பு அடங்கிய பிறகு முகம் மாறியது. வாடகைக்காரன் கதையைக் கேட்டபோதுகூட அவர் முகம் அவ்வளவு மாறவில்லை.

"ஏம்மா, மாலை போட்ட வீட்ல அந்த நெனப்பே வரக்கூடாது. அதுக்குத்தான விரதமே. நீயே முருகன் பாட்டு எழுதுற ஆளு. நீ இப்பிடிச் சொல்லலாமா?"

"வராம இருக்க நாங்க என்ன கட்டையா சார்?"

"வந்தாலும் வெளிய சொல்லக் கூடாதும்மா."

பாய் ஸ்வெட்டர் ஒன்றை மடித்துக்கொண்டே குறுக்கே வந்தார். "சார், எங்க நோன்புல பகல் பூரா பசிக்கும். பசிக்கலேன்னா அது நோன்பு இல்ல, வயிறு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

"அது வேற பாய்."

"எப்பிடி வேற?"

சார் தாளை என்னிடமிருந்து வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கவிதை நன்றாக இருக்கிறது, விட மனசில்லை என்றார். ஆரம்பத்தில் ஒரு முருகா, முடிவில் ஒரு முருகா போட்டுவிட்டால் ஒரு வம்பும் இல்லை, பந்தலில் தாராளமாக வாசிக்கலாம், தைப்பூசத்துக்குப் போடுகிற மலரிலும் அச்சடிக்கலாம் என்றார். வாசிக்க வேண்டியது வழக்கப்படி நான்தான். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கைடுகூட "அப்ப சரி" என்றார்.

எனக்குப் படவில்லை. ஆனால் எழுதியவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் மேற்கொண்டு பேச முடியாது. வழக்கம் அப்படி.

சில நாள் கழித்து மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். பச்சைப்பயறு வேண்டும் என்றாள். நிறுத்துக் கொடுத்ததும் போகவில்லை. கடலைமாவு வாங்க வந்த ஒரு அம்மா போகிற வரைக்கும் நின்றாள்.

"அக்கா, எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு. எங்க வீட்லயும் அந்தத் தட்டு கெடக்கே."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கைடு சொன்னது அந்த மாடியோடு நிற்கவில்லை என்று அப்புறம்தான் சொன்னாள். வேன் ஸ்டாண்டில் யாரோ அவள் புருஷனிடமே போய், ஒங்க வீட்ல கவிதை எழுதுறாங்களாமே, முன்ரூம்காரனுக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

"அவுக என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல அக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு. மாலையில இருக்கப்ப கோவப்படக் கூடாதுல்ல, அவுக சுத்தமா அதக் கடைப்பிடிப்பாக. வேன எவனாச்சும் இடிச்சாக்கூட முருகா சரணம்னு போயிருவாக. இப்ப அன்னைல இருந்து எங்கூடப் பேச்சே இல்ல. சோறு வச்சா சாப்பிடுறாக, எந்திரிச்சுப் போறாக. அது விரதமா கோவமான்னு எனக்குத் தெரியல."

"நீயே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான? இது ஒங்களுக்கு எழுதினதுன்னு."

"மாலையில இருக்கவுககிட்ட அதை எப்பிடிப் பேசுறது? விரதத்தக் கெடுத்தேன்னு ஆயிரும். மாலைய கழட்டுன பொறவு சொன்னா, மாட்டிக்கிட்டதும் இவ சமாளிக்கிறான்னு ஆயிரும். ரெண்டும் இல்லாம நிக்கிறேன்." கொஞ்ச நேரம் பயற்றுப் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "முன்ரூம் தம்பி வேற பெட்டியக் கட்டிட்டான். என்னால ஒங்க வீட்ல பிரச்சன வேணாம்க்காங்கறான். அவன் போயிட்டா, பாத்தியா, அதான் போயிட்டான்னு சொல்லுவாங்க. இருந்தா, பாத்தியா, இன்னும் இருக்கான்னு சொல்லுவாங்க."

அவள் கேட்டது ஒன்றுதான். பந்தலில் அவள் புருஷன் உட்கார்ந்து சாப்பிடும்போது, எழுதினபடி எழுதினது அவர் காதில் விழ வேண்டும். முருகா போடாமல்.

"முருகான்னு போட்டா அவுக முருகனக் கும்பிட்டுட்டுப் போயிருவாக அக்கா. அவுகளுக்குன்னு எப்பிடித் தெரியும்?"

"பொருளும் சொல்லணுமே. எல்லாருக்கும் முன்னாடி புருசனுக்குன்னு சொல்லிறட்டுமா? நாளைக்கு ஊரு பேசும். மாலை போட்ட வீட்ல இவளுக்கு எப்பிடி இருக்கு பாருன்னு பேசும்."

"பேசட்டும். முன்ரூம்காரன்னு பேசுறதுக்கு இது எவ்வளவோ தேவல. இதாச்சும் நெசம்."

இந்தப் பேச்சை நான் மறக்கவே மாட்டேன். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

இரண்டு நாளில் சாரும் கடைக்கு வந்தார், சூடம் வாங்க. நான் முருகா போடாமல்தான் வாசிக்கப் போகிறேன் என்று சொன்னேன். மறைத்து வைத்து மைக்கில் போய் மாற்றிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் சூடப் பொட்டலத்தைத் திரும்ப மேசை மேலேயே வைத்துவிட்டார்.

"அங்க நிக்கிறது யாரும்மா? ஆண்டி. எல்லாத்தையும் வேணாம்னு உதறிட்டு, கோவணத்தோட வந்து நிக்கிறவரு. அவரப் பாக்கப் போறவங்க காதுல புருசன் பொண்டாட்டி ஏக்கத்தப் போயிப் போடுவியா?"

"அவரு எதுக்கு சார் அங்க வந்து நின்னாரு?"

"எதுக்குன்னா? பழம் கெடைக்கலேன்னு."

"கோவிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. பின்னாலேயே அப்பனும் ஆத்தாளும் தேடி வந்தாக. வா சாமி, நீயே பழம், வீட்டுக்கு வான்னு கெஞ்சுனாக. அந்த எடமே ஒருத்தர ஒருத்தர் தேடுன எடம் சார். அங்க போறவக காதுல ஏக்கம் விழக்கூடாதுன்னா, அந்தக் கதையையே சொல்லக் கூடாது."

"அது பெத்தவங்க பாசம்."

"இது கட்டினவ பாசம்."

"ஒனக்கு வாய் ஜாஸ்தி" என்றார் சார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. சாமிக்குக் குறை வந்துவிடக் கூடாது என்ற பயம்தான். எனக்கும் சாமியிடம் பயம் உண்டு. ஆனால் ஒருத்தி தன் புருஷனை நினைத்து எழுதியதை, சாமி பேரைப் போட்டு மூடிவிட்டு, அவளைச் சந்தேகத்தோடு வீட்டுக்கு அனுப்பினால் அதுதான் சாமிக் குத்தம் என்று எனக்குத் தோன்றியது. முருகா என்ற பேரை நான் தினமும் சொல்கிறேன். அதை எதையும் மறைக்கிற துணியாக எடுத்தது கிடையாது.

என் வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவரும்தான் அந்தப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர். மாலை போட்ட வீட்டுப் பெண்கள் என்று நான் மைக்கில் பேசினால் அவர் வீடும் அதில் சேர்ந்துவிடும். சாயங்காலம் விளக்கேற்றி முடித்து, அவர் நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று, முழுக் கதையும் சொல்லி, கவிதையையும் மனப்பாடமாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவர் முருகன் படத்தைப் பார்த்தார்.

"முருகன் கோவிச்சுக்கிருவாராக்கும்?" என்றேன்.

"அவருக்கென்ன. ரெண்டு வீடு வச்சு நடத்துறவரு. இதெல்லாம் நம்மள விட அவருக்கு நல்லாத் தெரியும்." திருநீற்றுச் சம்படத்தை மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "நெசமாவே அப்பிடித்தான் இருக்குமா, கழுவையில?"

"எனக்கு எதுக்கு அந்த வம்பு. நானா எழுதினேன்?"

"சரி சாமி" என்று சொல்லிவிட்டு கடையைப் பார்க்கப் போனார். போகும்போது அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. முதுகுதான் தெரிந்தது.

பந்தல் நாள் வந்தது. பெருமாள்மலையில் பழனி ரோடு பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தகரம் போட்டிருந்தார்கள். கொடைக்கானலில் இருந்து இருட்டோடு கிளம்பியவர்கள் வெறுங்காலில் நடந்து ஒவ்வொரு கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். மேகம் ரோட்டுக்கே இறங்கியிருந்தது. அரோகரா சத்தம் முதலில் கேட்கும், கொஞ்சம் கழித்துத்தான் ஆள் தெரியும். வெங்காயம் போடாத சாம்பார், கேரட்டும் பீன்ஸும் போட்ட பொரியல், ரசம். அவள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை போய்க்கொண்டிருந்தாள். தன் புருஷன் உட்கார்ந்திருந்த வரிசைக்கு மட்டும் போகவில்லை, வேறு ஒருத்தியை அனுப்பினாள். தாடி வளர்ந்து, பச்சை வேட்டியில் அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே வரிசையில்தான் இருந்தார்கள். கைடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சார் மைக்கில் இரண்டு கவிதைகளுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். கூப்பிடும்போதே, "அடுத்து, பழனியாண்டவர் மேல் பாடப்பட்ட ஒரு உருக்கமான கவிதை" என்று சொல்லிவிட்டார். நான் முந்திச் சொன்ன பிறகும் சொல்லிவிட்டார். அதுதான் என் வாயைக் கிளறியது.

மைக்கை வாங்கினேன்.

"சார் சொன்னது சரியில்லைங்க. இது ஆண்டவர் மேல பாடினது இல்ல. ஆண்டவருக்குத் தெரிஞ்சே பாடினது" என்றேன். வாசித்தேன். முருகா போடவில்லை.

பிறகு பொருள் சொன்னேன். இதை எழுதியது மாலை போட்ட வீட்டில் இருக்கும் ஒரு பெண்டாட்டி, எழுதியது தன் புருஷனுக்கு. அவர்கள் பச்சை வேட்டி கட்டி விரதம் இருக்கிறார்கள், பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பொங்கிப்போட்டு, இன்னொரு பாயில் படுத்து, அதே குளிரில் அதே விரதம் இருக்கும் எங்களை ஊரில் யாரும் சாமி என்று கும்பிட்டதில்லை. ஆசை இருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆசையே இல்லை என்றால் விட்டுக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது? இதில் அசிங்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வந்து காட்டட்டும். இதையெல்லாம் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். இதைவிடக் கோணலாகத்தான் வந்தது.

பந்தலே அமைதியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு குழந்தை அப்பளத்துக்கு அழுதது. ஒரு பெரியவர் "இதெல்லாம் மைக்ல பேசுற பேச்சா, கலிகாலம்" என்றார். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலை நிமிராமலே "அம்மா சொல்றது சரிதான்" என்றாள். அவளை அதற்கு முன்னும் தெரியாது, பின்னும் பார்க்கவில்லை. சார் மைக்கைக் கேட்டுக் கையை நீட்டினார். "சரி சரி, நேரமாச்சு."

அப்போது அவள் புருஷன் பேசினார். இலையில் கை வைத்தபடியே, சத்தமாக இல்லாமல்.

"அத இன்னொரு வாட்டி வாசிங்கம்மா."

சார் நீட்டிய கை அப்படியே நின்றது. மாலை போட்ட சாமி கேட்டால் அவரால் மறுக்க முடியாது. நான் இன்னொரு தடவை வாசித்தேன். முதல் தடவையை விட நிறுத்தி வாசித்தேன். அவர் சாப்பிடாமல் கேட்டார். தனித் தட்டு, தனிச் சொம்பு என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி வரியில் என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை தலையை ஆட்டினார், எதற்கு என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கைடு தண்ணீர் ஜக்கோடு அவள் புருஷன் இலைக்கு எதிரே நின்றுவிட்டார். எந்தப் பக்கம் நகர்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அவள் புருஷன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அந்தச் சொம்பு எங்க வீட்டுச் சொம்புய்யா. விளிம்பு ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும். சந்தேகம்னா வந்து பாத்துக்க." டம்ளரை முன்னால் நகர்த்தி, "தண்ணி ஊத்து" என்றார்.

கைடு ஊற்றினார். கொஞ்சம் டம்ளருக்கு வெளியேயும் ஊற்றினார்.

அவ்வளவுதான். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. அவளும் வாளியோடு நின்ற இடத்தை விட்டு வரவில்லை. அவர்கள் கூட்டம் எழுந்து கை கழுவி, அரோகரா சொல்லி, மேகத்துக்குள் இறங்கி நடந்தது. கடைசிப் பச்சை வேட்டி மறைகிற வரைக்கும் அவள் சாம்பாரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், கலக்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லாதபோதும்.

பிறகு என்னிடம் வந்தாள். "அக்கா, அவுக பேசிட்டாக."

"ஒங்கிட்டயா பேசுனாரு? கைடுகிட்டல்ல பேசுனாரு."

"எனக்குத்தான் பேசுனாக."

சார் எங்களிடம் வந்தார். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. இனிமேல் இந்தப் பந்தலில் எனக்கு மைக் கிடையாது என்றார். அவளைப் பார்த்து, இந்தக் கவிதையை மலரில் போட முடியாது, அச்சுக்குப் போனதைக்கூட எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார். அதுவரைக்கும் அவர் முன்னால் ஒரு வார்த்தை பேசியறியாதவள், காலி வாளியைத் தரையில் வைத்து, இலைக்கட்டை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"போடாட்டிப் போங்க சார். கேக்க வேண்டிய ஆளு கேட்டாச்சு. கொஞ்சம் நகருங்க, எலை போடணும். அடுத்த பந்தி நிக்குது."